மாண்டோர் பெயரை மறவாதிருப்போம்

(காஜாங் வட்டாரத் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, நிரை பிடித்து மரம் வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்து, வீட்டு வேலைகளையும் முடித்துக்கொண்டு இம்மண்டபத்திற்கு வந்திருக்கிறீர்கள். களைத்து வந்தவர்களிடம் நெடுநேரம் பேசுவது முறையன்று என்பதை அறிவோம். ஆயினும் இன்று எடுத்துக்கொண்ட பொருள் உங்கள் குடும்பத்தோடும் குலத்தோடும் ஒட்டியது. ஆதலின் சற்றுப் பொறுமையோடு செவிமடுக்க வேண்டுகிறோம்.

காஜாங்கிலிருந்து கோலாலம்பூருக்குச் செல்லும் பழைய சாலைக்குச் செராஸ் சாலை என்று பெயர். 2017-ஆம் ஆண்டு முதல் காஜாங் வரை எம்.ஆர்.டி. ரயில் வருவதால், பேருந்தில் அச்சாலை வழியே செல்வோர் தொகை குறைந்திருக்கக்கூடும். ஆனால் இங்குள்ள பெரியவர்கள் அச்சாலையை நன்கு அறிவார்கள். நகரை நெருங்கும்போது சாலையோரத்தில் ஒரு கிறிஸ்தவ இடுகாடு வரும். பல்லாண்டுகள் அதனைக் கடந்து சென்ற நம்மில் எத்தனை பேர் உள்ளே சென்று பார்த்திருக்கிறோம்? "இடுகாடுதானே, நமக்கென்ன வேலை?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்போம்.

அங்கே துயில்பவர்களுள் ஒருவர் சர் ஹென்றி கர்னி. மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையராக இருந்தவர். 1951-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் பிரேசர் மலைக்குச் செல்லும் வழியில், பதுங்கியிருந்தோர் அவருடைய காரைச் சுட்டனர். அவர் காரைவிட்டு இறங்கி, சுட்டவர்களின் திசை நோக்கி நடந்தார்; சில அடிகளில் வீழ்ந்தார். காரில் இருந்த அவர் மனைவி உயிர் தப்பினார். உடன்சென்ற காவலர்கள் பலரும் குண்டடி பட்டனர். அதே இடுகாட்டில் அவசரகாலத்தில் மாண்ட படைவீரர்களின் கல்லறைகளும் உள்ளன. இருபது வயதைத் தாண்டாத இளைஞர்களும் அக்காலத்தில் கட்டாயப் படைச்சேவைக்காகக் கடல் கடந்து இங்கு வந்தார்கள். ரப்பர் மரத்தைக் கண்ணால் கண்டிராத அவர்களுள் சிலர், ரப்பர் காட்டில் உயிர் விட்டார்கள்.

அவசரகாலம் என்பது நம் தோட்டங்களைத் தொடாது போன வரலாறன்று. அது தோட்டத்திலேயே தொடங்கிய வரலாறு. 1948-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் காலை, பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், எல்பில் தோட்டத்தின் அலுவலகத்திற்குச் சைக்கிளில் வந்த இளைஞர்கள் ஆர்தர் வாக்கர் என்னும் துரையைச் சுட்டுக் கொன்றனர். அதன் பின் சிறிது நேரத்திற்குள், அதே வட்டாரத்தின் வேறொரு தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் என்னும் இருவர் கொல்லப்பட்டனர். இயன் கிறிஸ்டியனுக்கு வயது 21. அன்றே பேராக்கின் சில பகுதிகளிலும், இரண்டொரு நாளில் நாடு முழுவதிலும் அவசரகாலம் நடைமுறைக்கு வந்தது. 1960-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள்தான் அது முடிவுற்றது. பன்னிரண்டு ஆண்டுகள்!

ஈப்போவுக்கு அருகே பத்து காஜா என்னும் ஊரில் ஒரு பழைய கிறிஸ்தவ இடுகாடு உண்டு. 'கடவுளின் சிறு நிலம்' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் அதற்கு ஒரு பெயர் வழங்குகிறது. சுங்கை சிப்புட்டில் அன்று கொல்லப்பட்ட தோட்ட அதிகாரிகளின் கல்லறைகள் அங்கேதான் உள்ளன. அவர்களோடு சுரங்க அதிகாரிகள், காவல் அதிகாரிகள், படைவீரர்கள் என நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். அவர்களுக்கு அங்கே நினைவுச்சின்னமும் உண்டு. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அங்கு நினைவுக் கூட்டம் நடத்துவது வழக்கம். தோட்ட நிருவாகத்தினர், முன்னாள் வீரர்கள், வெளிநாட்டுத் தூதரகத்தார், காவல் படையினர் ஆகியோர் மலர்வளையம் வைப்பார்கள், ஊதுகொம்பு ஒலிக்கும், எல்லோரும் வாய்மூடித் தலைவணங்கி நிற்பார்கள். ஒரு காலத்தில் புல் மண்டி, பெரும்பாலோர் மறந்து கிடந்த இவ்விடத்தைப் பற்றி ஆய்ந்து நூல் எழுதியவர் ஆர். தம்பிப்பிள்ளை என்பவர். அங்கே துயில்வோர் அவருடைய உறவினர் அல்லர். அவருடைய இனத்தவரும் அல்லர். எனினும் அவர்களை மறந்துவிடுவது தகாது என்று அவர் கருதினார். இவ்வொரு செய்தியை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

இனி, போரில் மாண்டோர்க்குக் கல்லறை அமைக்கும் முறை யாது என்று பார்ப்போம்.

முற்காலத்தில் போர்க்களத்தில் படைத்தலைவன் மாண்டால் அவனுக்குக் கல் எழுப்புவார்கள். சாதாரண வீரர்களைப் பெருங்குழி ஒன்றில் இட்டு மூடிவிடுவார்கள். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917-ஆம் ஆண்டில் இந்நிலையை மாற்றப் பிரிட்டனில் ஓர் ஆணையம் அமைந்தது. இன்று அதற்குக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் என்று பெயர். அது வகுத்துக்கொண்ட விதிகள் எளியவை. மாண்ட ஒவ்வொருவருடைய பெயரும் கல்லறைக் கல்லிலோ நினைவுச்சின்னத்திலோ பொறிக்கப்பட வேண்டும். அக்கல் என்றும் நிலைத்திருக்க வேண்டும். எல்லாக் கற்களும் ஒரே வகையாய் இருக்க வேண்டும். பதவி, இனம், சமயம் ஆகியவற்றால் வேறுபாடு கூடாது. தளபதிக்கு எந்த அளவுக் கல்லோ, அவருக்குச் சமைத்துப் போட்டவருக்கும் அதே அளவுக் கல். அதில் பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த நாள், வயது ஆகியவை இருக்கும். உடல் இன்னாருடையது என்று தெரியாவிடின், போரில் மாண்ட வீரர் என்பதும், அவரை இறைவன் அறிவான் என்பதும் பொறிக்கப்பட்டிருக்கும்.

இதனைக் கண்கூடாகக் காண விரும்புவோர் தைப்பிங் நகருக்குச் செல்லலாம். 1880-களில் மரத்தால் கட்டப்பட்ட ஆல் செயின்ட்ஸ் தேவாலயம் அந்நகரில் உள்ளது. அதன் வளாகத்தில் ஆரம்பகால அதிகாரிகள் முதலானோரின் பழங்கல்லறைகளைக் காணலாம். நகருக்கு வெளியே, புக்கிட் லாருட் மலைக்குச் செல்லும் சாலையில் போர்வீரர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஜப்பானியர் தோற்ற பின்னர், போர்க்களங்களிலும் கிராமத்து இடுகாடுகளிலும் வழியோரங்களிலும் அவசரமாகப் புதைக்கப்பட்டிருந்த உடல்களைத் தேடி எடுத்து, அங்கே கொணர்ந்து முறையாக அடக்கம் செய்தார்கள். சாலையின் ஒரு பக்கம் கிறிஸ்தவ வீரர்கள். மறுபக்கம் இந்திய, கூர்க்கா வீரர்கள். 850-க்கும் மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர். அவர்களுள் 500-க்கும் மேற்பட்டோர் யாரென்றே தெரியாதவர்கள்.

1941-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியபோதும், 1942-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் சிலிம் ரிவரில் பெரும்போர் மூண்டபோதும், எதிர்த்து நின்றவர்களுள் மிகப் பலர் இந்திய வீரர்கள். ஜனவரி 11-ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. கல்லறை கிடைக்காத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியிலுள்ள நினைவுச்சின்னத்தின் சுவர்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தத்தம் சமய முறைப்படி எரியூட்டப்பட்டவர்களுக்கென அங்கே தனி நினைவுச்சின்னம் ஒன்றும் உண்டு. அதில் உள்ள ஏறத்தாழ 800 பெயர்கள் பெரும்பாலும் இந்திய வீரர்களுடையவை. உடல் நெருப்பில் போனாலும் பெயர் கல்லில் நிற்கிறது.

சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க்கல்லறைத் தோட்டத்திலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. முதல் உலகப்போர்க் காலத்தில் மாண்டு, தென்னிந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் பல ஊர் இடுகாடுகளில் புதைக்கப்பட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அக்கல்லறைகளை நெடுங்காலம் பேண இயலாது என்று கண்டதால், அவர்களுடைய பெயர்களை ஒரே இடத்தில் பொறித்து வைத்திருக்கிறார்கள். கல்லறையைக் காக்க முடியாவிட்டாலும் பெயரைக் காக்க முடியும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

விதி நன்று, ஆனால் விதி எங்கும் நேர்மையாக நடந்தேறியதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். இல்லை என்பதே விடை. 2021-ஆம் ஆண்டில் அவ்வாணையமே ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப்போரில் மாண்ட ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களுள் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்கு நிகராகச் சிறப்பிக்கப்படவில்லை என்றும், 1,16,000 பேருக்குக் குறையாதவர்கள் பெயர் பொறிக்கப்படாமலோ முற்றிலும் நினைக்கப்படாமலோ விடப்பட்டார்கள் என்றும் அதில் ஒப்புக்கொண்டது, மன்னிப்பும் கேட்டது. நூறாண்டுக்குப் பின்னர் ஏடுகளைப் புரட்டி, "யாருடைய பெயரை விட்டுவிட்டோம்?" என்று தேடுகிறார்கள். பெயரைத் தேடுவதற்குக் காலம் கடந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை என்பது இதனால் விளங்குகிறது.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

சில காலத்திற்கு முன் இவ்வட்டாரத் தோட்டமொன்றில் எண்பத்தைந்து வயது மூதாட்டி ஒருவரைச் சந்தித்தோம். ஆடி அமாவாசை நாள். வீட்டு வாசலில் இலை போட்டுச் சோறும் கறியும் படைத்துவிட்டுக் காகத்தை அழைத்துக்கொண்டிருந்தார். "யாருக்குப் படைக்கிறீர்கள், பாட்டி?" என்று கேட்டோம்.

"எங்க அப்பாவுக்கு ஐயா. எனக்கு நாலு வயசு இருக்கும்போது சயாமுக்குப் புடிச்சிக்கிட்டுப் போனாங்க. அவரு செத்த நாளு தெரியாது, திதி தெரியாது. அதனால எல்லாருக்கும் பொதுவான இந்த அமாவாசையில போடுறேன். சாப்பிட்டாரோ இல்லையோ, அது அந்தக் காக்காவுக்குத்தான் தெரியும்" என்றார்.

அச்சொற்கள் எம் நெஞ்சை விட்டு அகலவில்லை. யாம் முன்னர் ஆசிரியப் பணியில் இருந்தபோது, சயாம் ரயில்பாதையைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறோம். இவ்வளவு நீளம், இத்தனை பாலம், இந்த ஆண்டு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறோம். இறந்தவருக்குத் திதி கொடுக்க ஒரு நாள்கூடத் தெரியாமல் ஒரு மகள் எண்பது ஆண்டுகள் தவித்திருக்கிறாள் என்பதை அன்றுதான் உணர்ந்தோம். கல்லறைக் கல்லில் 'இறந்த நாள்' என்று ஒரு வரி பொறிக்கிறார்களே, அந்த ஒரு வரியின் அருமை அம்மூதாட்டிக்குத் தெரியும்.

இளைஞர்கள் அறிந்துகொள்ளும் பொருட்டு அவ்வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில்பாதையை ஜப்பானியர் அமைத்தனர். 1942-ஆம் ஆண்டில் வேலை தொடங்கி, 1943-ஆம் ஆண்டு அக்டோபரில் முடிந்தது. மலையும் காடும் ஆறும் நிறைந்த வழியில், இயந்திரத்திற்குப் பதிலாக மனிதர்களின் கைகளைக் கொண்டே பெரும்பகுதி வேலையை முடித்தார்கள். 60,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் அதில் வேலை வாங்கப்பட்டனர். அவர்களுள் 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதியான ஆசியத் தொழிலாளர்கள் அங்கே வதைபட்டனர். மலாயாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 75,000 பேர் கொண்டு செல்லப்பட்டனர் என்பது கணக்கு. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள்.

தொடக்கத்தில் நல்ல கூலி, அரிசி, சில மாதங்களில் திரும்பி வரலாம் என்றெல்லாம் ஆசை காட்டினார்கள். ரப்பர் விற்பனை நின்று, தோட்டங்களில் வேலையின்றி, மரவள்ளிக் கிழங்கே உணவாக இருந்த காலம் அது. நம்பிச் சென்றார்கள். போனவர் திரும்பவில்லை என்று தெரிந்ததும் ஆள் சேர்வது நின்றது. உடனே லோரிகளைக் கொண்டுவந்து வலிந்து பிடித்துச் சென்றார்கள். மூடிய சரக்கு வண்டிகளில் நாட்கணக்கில் நிறுத்தி வைத்து வடக்கே ஏற்றினார்கள். காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, ஆறாத புண், பட்டினி ஆகியவை ஆயிரமாயிரவரைக் கொண்டுபோயின. போர்க்கைதிகளிடையே படை மருத்துவர்கள் இருந்தார்கள். இறந்தவர் பெயரை இரகசியமாகக் குறித்து வைத்த அதிகாரிகள் இருந்தார்கள். நம் மக்களுக்கு மருத்துவருமில்லை. பெயரெழுதி வைக்கும் ஏடுமில்லை.

அதன் விளைவை இன்று காஞ்சனபுரியில் காணலாம். அந்நகரின் போர்க்கல்லறைத் தோட்டத்தில் காமன்வெல்த் வீரர் 5,084 பேருக்கும், டச்சுக்காரர் 1,896 பேருக்கும் கல்லறைகள் உள்ளன. வரிசை வரிசையாகத் தாழ்ந்த மேடைகள், ஒவ்வொன்றிலும் பெயர்த்தகடு, அவற்றினிடையே பூச்செடிகள். அழகும் அமைதியும் குடிகொண்ட இடம். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்து பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். பாட்டனாரின் பெயரைத் தேடிக் கண்டு, விரலால் தடவிப் பார்த்து, ஒரு பூவை வைத்துவிட்டுச் செல்கிறார்கள். அவர்கள் செய்வது முற்றிலும் முறையே. அதனை யாரும் குறை கூறுவதற்கில்லை. ஆனால் காஜாங்கிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ ஒரு பேரன் அங்கே சென்றால், தன் பாட்டனார் பெயரை எந்தக் கல்லில் தேடுவான்?

இக்குறையைச் சிறிதளவேனும் போக்கும் முயற்சியாக, 2023-ஆம் ஆண்டில் காஞ்சனபுரியிலுள்ள வாட் தவோர்ன் வராராம் என்னும் புத்தர் கோயிலில், அப்பாதையில் மாண்ட தமிழர்களின் நினைவாக நடுகல் ஒன்று எழுப்பப்பட்டது. நடுகல் என்னும் சொல் நமக்குப் புதிதன்று. ஊரைக் காக்கவும் ஆநிரை மீட்கவும் போரிட்டு மாண்ட வீரனுக்குக் கல் நட்டு வணங்கியது தமிழர் மரபு. கல்லைத் தேர்ந்து, கொணர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துதல் வரை அதற்குரிய படிகளைத் தொல்காப்பியம் முறைப்படுத்திக் கூறுகிறது. திருவண்ணாமலைக்கு அருகே செங்கம் வட்டாரத்தில், பல்லவர் காலத்து நடுகற்கள் பலவற்றை இன்றும் காணலாம். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டில், எந்த ஊருக்காக, இன்னார் மகன் இன்னார் மாண்டார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் அரசர்கள் அல்லர், ஊர்க்காரர்கள். ஆயிரம் ஆண்டு கடந்தும் பெயர் நிற்கிறது. அத்தகைய மரபில் வந்த நாம், எண்பது ஆண்டுகளுக்கு முன் இறந்த பாட்டனாரின் பெயரை மறக்கலாமா?

கல் இருந்தால் போதும், பெயர் நிலைத்துவிடும் என்றும் எண்ணிவிட வேண்டாம். சிங்கப்பூர்க் கடற்கரையோரம் இந்திய தேசிய இராணுவத்தில் மாண்டோர்க்கென ஒரு நினைவுச்சின்னத்திற்கு 1945-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டினார். அப்படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த ஆண்களும் பெண்களும் ஏராளமானோர். சின்னம் எழுந்து சில வாரங்களே ஆன நிலையில், திரும்பி வந்த பிரிட்டிஷார் அதனை இடித்துத் தள்ளினர். ஆயினும் மக்கள் மறக்கவில்லை. 1995-ஆம் ஆண்டில் அவ்விடத்தில் ஒரு நினைவுப்பலகை நிறுவப்பட்டது. கல்லை இடித்துவிடலாம், நாவிலும் நெஞ்சிலும் இருக்கும் பெயரை இடிக்க முடியாது. அதே போல, கல் நின்றாலும் நெஞ்சில் நினைவு இல்லையென்றால் அது வெறுங்கல்லே.

மீண்டும் அவசரகாலத்திற்கு வருவோம். அக்காலத்தில் காஜாங் வட்டாரமும் அமைதியாக இருக்கவில்லை. 1946-ஆம் ஆண்டில் இலண்டன் வெற்றி விழா அணிவகுப்பில், ஜப்பானியரை எதிர்த்த மலாயாப் படையணிக்குத் தலைமை தாங்கிச் சென்றவர் லாவ் யூ. இரண்டே ஆண்டில், 1948-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள், ஆயுதமேந்திய கிளர்ச்சித் தலைவராகக் காஜாங் அருகே காவல் படையினரால் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். போர் மனிதர்களை எப்படியெல்லாம் புரட்டிப் போடுகிறது, பாருங்கள்! அவ்வாண்டு டிசம்பரில் பத்தாங் காலி அருகே, ரப்பர் தோட்டமொன்றில் ஆயுதமற்ற 24 ஆண்கள் பிரிட்டிஷ் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதுவும் மறைக்கத்தக்க செய்தியன்று.

தோட்ட மக்கள் இரு தீக்கும் நடுவில் அகப்பட்ட எறும்புபோல் இருந்தார்கள். காட்டிலிருந்து வருவோர் அரிசி கேட்பார்கள், கொடுக்காவிட்டால் கத்தி. கொடுத்தது தெரிந்தால் அரசாங்கத்தின் தண்டனை. ஆயிரக்கணக்கான ரப்பர் மரங்களின் பட்டை வெட்டிச் சிதைக்கப்பட்டது. இலட்சக்கணக்கான தொழிலாளர்கள் முள்வேலிக்குள் ஓரிடத்தில் குடியமர்த்தப்பட்டனர். மரம் வெட்டச் செல்வோர் வேலி வாசலில் சோதிக்கப்பட்டனர். நண்பகல் சோற்றைக் காட்டுக்குக் கட்டிச் செல்லவும் தடை இருந்தது. பசியோடு வெட்டி, பசியோடு பால் சுமந்தார்கள். நாட்டின் ரப்பர் நின்றுபோகவில்லை. அதற்குக் காரணம் அவர்களே.

அப்பன்னிரண்டு ஆண்டுகளில் மாண்ட பொதுமக்கள் 2,478 பேர். காணாமற்போனவர்கள் 810 பேர். மலாயாக் காவலரும் படையினரும் 1,346 பேர். பிரிட்டிஷ், காமன்வெல்த் படையினர் 519 பேர். தோட்டத்தைக் காத்த சிறப்புக் காவலர்களுள் மலாய்க்காரர் மிகுதி. மரம் வெட்டிக்கொண்டிருந்தபோதே மாண்டவர்களும், தண்டல், கிராணி முதலானோரும் பொதுமக்கள் கணக்கில் சேர்ந்தவர்கள். கோலாலம்பூரில் 1966-ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்ட தேசிய நினைவுச்சின்னத்தின் ஏழு வெண்கல உருவங்கள் அக்காலத் தியாகத்தை நினைவூட்டுகின்றன. ஆண்டுதோறும் ஜூலை 31-ஆம் நாளை நாம் வீரர் நாளாகக் கொண்டாடுவதும் அவசரகாலம் முடிந்த அந்நாளை எண்ணியே. ஆனால் தோட்டத்தில் மாண்ட தொழிலாளியின் பெயர் எங்கே? அது தோட்டத்துச் சுடுகாட்டு மண்ணில் இருக்கிறது. அங்கே ஒரு மரக்கட்டை நட்டிருந்தார்கள், கறையான் தின்றுவிட்டது. ஒரு செம்பருத்தி வைத்திருந்தார்கள், காடு மூடிவிட்டது. இனித் தோட்டமே விற்கப்பட்டு, வீடமைப்புத் திட்டம் எழும்போது, அவ்விடத்தைக் காட்டுவதற்கு ஆளிருக்காது. காஜாங்கைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்கள் பல இன்று குடியிருப்புப் பகுதிகளாகிவிட்டதை நீங்களே கண்டுகொண்டிருக்கிறீர்கள்.

இதற்கு நாம் செய்யத்தக்கது என்ன? பெரும் பொருட்செலவில் சின்னம் எழுப்பச் சொல்ல யாம் வரவில்லை. கைக்கெட்டிய நான்கு பணிகளை மட்டும் சொல்கிறோம்.

முதலாவது, பெயரேடு. தோட்டத்திற்கொரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கோயில் குழுவோ இளைஞர் மன்றமோ அதனைப் பொறுப்பேற்கட்டும். சயாமுக்குச் சென்றவர், போர்ப்படையில் சேர்ந்தவர், அவசரகாலத்தில் மாண்டவர் என்று மூன்று தலைப்புகள் இடுங்கள். பெயர், தந்தை பெயர், பூர்வீக ஊர், எந்த லயத்தில் குடியிருந்தார், எப்போது சென்றார், யாரெல்லாம் உடன் சென்றனர் என்பவற்றைக் கேட்டு எழுதுங்கள். சரியாகத் தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுத வேண்டாம்; சொன்னவர் பெயரையும் எழுதிய நாளையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். உங்கள் கைத்தொலைபேசியிலேயே பெரியவர்களின் குரலைப் பதிவு செய்யலாம். இப்பணியை அடுத்த பொங்கலுக்கென்று ஒத்திப்போட வேண்டாம். சயாம் சென்றவரை நேரில் கண்டவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். அவர்கள் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, இடக்குறிப்பு. தோட்டத்துச் சுடுகாட்டை ஆண்டுக்கிருமுறை கூட்டுப்பணியாகத் துப்புரவு செய்யுங்கள். கல்லறைகளை எண்ணி, ஒரு தாளில் வரைபடம் போட்டு, இன்னின்னார் இங்கே என்று குறியுங்கள். படம் எடுத்து வையுங்கள். மரக்கட்டைக்குப் பதில் சிறியதொரு சிமெண்டுக் கல்லில் பெயரைப் பொறிக்க அதிகச் செலவாகாது.

மூன்றாவது, எழுத்து மூலமான வேண்டுகோள். தோட்டம் கைமாறப்போகிறது என்று தெரிந்தால், மண்ணைத் தோண்டும் இயந்திரம் வந்து நிற்கும்வரை காத்திருக்கலாகாது. சுடுகாடும் கோயிலும் எங்குள்ளன, எத்தனை கல்லறைகள் உள்ளன என்பதை வரைபடத்தோடு எழுதி, தோட்ட நிருவாகத்திற்கும், உலு லங்காட் மாவட்ட அலுவலகத்திற்கும், காஜாங் நகராண்மைக் கழகத்திற்கும் முன்கூட்டியே கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகலை வாங்கி வையுங்கள். வாய்ச்சொல் காற்றோடு போகும்; தாளில் இருப்பது நாளைக்கும் பேசும்.

நான்காவது, நினைவு நாள். தேதி தெரியாத குடும்பங்கள் பல உள்ளன. ஆடி அமாவாசையிலோ, ஜூலை 31-ஆம் நாளையொட்டிய ஞாயிற்றுக்கிழமையிலோ, தோட்டத்தார் அனைவரும் கூடி, பெயரேட்டிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படியுங்கள். பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். மலாய், சீன அண்டை வீட்டாரையும் அழையுங்கள். அவர்களும் அக்காலத்தில் தங்கள் உறவினரைப் பறிகொடுத்தவர்களே.

இளைஞர்களுக்கு ஒரு சொல். விடுமுறையில் எங்கெங்கோ சென்று வருகிறீர்கள். ஒருமுறை செராஸ் சாலை இடுகாட்டிற்கும், வாய்ப்பிருந்தால் பத்து காஜாவுக்கும் தைப்பிங்கிற்கும் சென்று வாருங்கள். அங்கே உரக்கப் பேசாமல், கல்லறைகளை மிதிக்காமல், ஒவ்வொரு கல்லாக நின்று வயதைப் படியுங்கள். 19, 20, 21 என்று உங்கள் வயதே அங்கே எழுதியிருக்கும். யாரென்று தெரியாதவரின் கல் முன் நின்றால், நம் பாட்டனாரையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். அவர் மதம் வேறு, நம் மதம் வேறு என்று எண்ண வேண்டாம். தம்பிப்பிள்ளை அப்படி எண்ணியிருந்தால் பத்து காஜா வரலாறு எழுதப்பட்டிருக்காது. பிறர் வீட்டு மாண்டோரை மதிக்கத் தெரிந்தவனுக்கே தன் வீட்டு மாண்டோர்க்கு மதிப்புக் கேட்கும் உரிமை உண்டு.

இறுதியாக, அம்மூதாட்டியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். அன்று விடைபெறும்போது, "உங்கள் தந்தையார் பெயர் என்ன?" என்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர்ப் பெயரைச் சொன்னார். யாம் அதனைக் குறிப்பேட்டில் எழுதி, அவருக்குப் படித்துக் காட்டினோம். "இன்னொரு தடவை படிங்க ஐயா" என்றார். படித்தோம். "அவரு பேரை வெளியாளு ஒருத்தர் சொல்லி இப்பத்தான் கேக்குறேன்" என்று கூறி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்பர்களே! அன்று யாம் செய்தது ஒரு வரி எழுதியது மட்டுமே. அந்த ஒரு வரியை எழுத எண்பது ஆண்டுகளாக ஒருவரும் வரவில்லை. உங்கள் லயத்திலும் அப்படிப்பட்ட ஒருவர் இருக்கக்கூடும். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் அவரிடம் சென்று அமருங்கள், பெயரைக் கேளுங்கள், எழுதுங்கள்.